கையோடு வந்த கைப்பிடி

சேலம் மாவட்டத்திலேயே கோபப்படுவதற்கென்று மாதச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் நோ ரிட்டன் அண்ணன்தான். மற்றவர்கள் எல்லாம் ஓசியில் கோபப்படுகிறவர்கள். வீட்டில் கத்துவார்கள், பஸ்ஸில் கத்துவார்கள், பைசா பிரயோஜனம் கிடையாது. அண்ணன் அப்படியில்லை. காலை ஒன்பதரைக்கு ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோபப்பட ஆரம்பிப்பார். மதியம் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் நிறுத்துவார். ராத்திரி எட்டுக்கு ஷட்டரை இறக்கும்போதுதான் அவர் முகமும் இறங்கும்.

இளம்பிள்ளையில் ஒரு மொத்தச் சேலைக் கடை. அங்கே எனக்கு ஆன்லைன் பிரிவில் வேலை. செல்போனை ஸ்டாண்டில் மாட்டி, வட்ட விளக்கைப் போட்டு, ஒவ்வொரு சேலையாகத் தோளில் போட்டுக்கொண்டு, ‘இந்த பார்டரைப் பாருங்க சிஸ்டர்’ என்று நாளெல்லாம் லைவில் பேச வேண்டும். நான் விற்பேன். விற்றது திரும்பி வராமல் அண்ணன் பார்த்துக்கொள்வார். மாடிப்படிக்கு அடியில் ஒரு பிளைவுட் மேஜை, அதன்மேல் ஒரு செல்போன், அதற்குப் பின்னால் அண்ணன். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று கடையில் போர்டு இருந்தது. யாரும் படித்ததில்லை. அண்ணனைப் பார்த்தால் போதும், படித்த மாதிரிதான்.

அவருடைய சொந்தப் பெயர் நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதையும் இங்கே சொல்லப் போவதில்லை. அவரே அதற்குத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஒரு தடவை ஓர் அம்மா சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தார். கட்டவே இல்லை, பிரித்த மாதிரியே இருக்கிறது என்றார். அண்ணன் முந்தானையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி இழுத்தார். “கல்யாணத்துல ரசம் நல்லா இருந்துச்சுங்களா?” என்று கேட்டார். அந்த அம்மா சேலையைப் பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு தடவை திருச்செங்கோட்டிலிருந்து ஒரு ரிக் வண்டி முதலாளி வந்தார். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர், ஆளும் அந்த வண்டி சைஸுக்குத்தான் இருந்தார். அவர் மனைவிக்கு வந்த சேலை வீடியோவில் காட்டிய கலர் இல்லையாம். கடையையே பெயர்த்துவிடுகிற மாதிரி நின்றார். அண்ணன் எழுந்துபோய் அந்தச் சேலையை உதறி அவருடைய தோளிலேயே போட்டு, கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். “உங்க நெறத்துக்கே நல்லாத்தான இருக்குது, ஊட்டுல அவங்களுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க பாக்கலாம்” என்றார். கடையே சிரித்தது. அந்த மனிதர் கூச்சத்தில் இன்னும் இரண்டு சேலை வாங்கிக்கொண்டு போனார்.

போனில் வரும் புகார்களுக்கு அண்ணனிடம் ஒரே ஆயுதம்தான் இருந்தது. “பார்சல் பிரிக்கறப்ப வீடியோ எடுத்தீங்களா?” யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். ஆசையாக வந்த சேலையைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரிக்கும்போது யாருக்குப் படம் பிடிக்கத் தோன்றும்? “வீடியோ இல்லீன்னா ஒன்னும் பண்ண முடியாதுங்க” என்று வைத்துவிடுவார். வைத்த பிறகும் பத்து நிமிடம் அந்தப் போனைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருப்பார். அவர் கணக்கில் சேலை வாங்குகிறவர்கள் எல்லோருமே ஏமாற்றுக்காரர்கள். அதை அவர் உண்மையாகவே நம்பினார். எங்களுக்கெல்லாம் அது அப்போது வேடிக்கையாக இருந்தது.

இந்த மனிதருடைய காலில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வெந்நீர் கொட்டியது.

அண்ணனுக்கு டீ ஆகாது. ரத்தக் கொதிப்பு ஏறுகிறதென்று டாக்டர் நிறுத்திவிட்டார். நாலு மணிக்குச் சுக்குப் பொடி போட்ட வெந்நீர் குடிப்பார். அதற்காகச் சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு கடையில் மின்சாரக் கெட்டில் ஒன்று வாங்கி வந்திருந்தார். கம்பெனியின் பெயரை நான் எழுதினால் இந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு நோட்டீஸ் வரும், அதனால் விட்டுவிடுகிறேன். வாங்கிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அன்றைக்குத் தண்ணீர் கொதித்ததும் கெட்டிலைத் தூக்கினார். கைப்பிடி வந்தது. கெட்டில் வரவில்லை. மேஜை ஓரத்தில் சாய்ந்து, முழுத் தண்ணீரும் அவருடைய இடது பாதத்தில் இறங்கியது.

அவர் அலறுவார் என்று நினைத்தோம். கையில் கைப்பிடியை வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். “ஏனுங்க, என்னங்க இது?” என்று அதனிடமே மரியாதையாகக் கேட்டார். அப்புறம்தான் வலி தலைக்கு ஏறியது. நான் பின்பக்கக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய் காலில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். கடை முதலாளி ஓடிவந்து பற்பசை தடவலாம் என்றார். தடவுகிறவன் கையை ஒடிப்பேன் என்று அண்ணன் சொன்னார். முதலாளியிடம் அவர் அப்படிப் பேசி நாங்கள் பார்த்ததே இல்லை.

டாக்டர் பார்த்துவிட்டுச் சின்னக் காயம்தான், இருபது நாளில் ஆறிவிடும், அதுவரைக்கும் அந்தக் காலில் செருப்பு வேண்டாம் என்றார். பாதத்தின்மேல் அப்பளம் உப்பின மாதிரி ஒரு கொப்புளம். மறுநாள் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் களிம்புமாக அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். வந்ததும் முதல் வேலையாகக் கெட்டில் கம்பெனிக்குப் போன் போடச் சொன்னார்.

அந்த இசையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல் சொல்லும், பிறகு அரை மணி நேரம் புல்லாங்குழல் ஊதும். முக்கியமான ஆளை யாராவது வாசலில் நிற்கவைத்துப் புல்லாங்குழல் ஊதுவார்களா? தமிழுக்கு ஒன்றை அழுத்தினோம், புகாருக்கு நான்கை அழுத்தினோம், தவறான எண் என்று முதலிலிருந்து ஆரம்பித்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. மூன்றாம் நாள் ஒரு பெண் கிடைத்தாள். அண்ணன் நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா சார்?” என்றாள்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கடையில் எல்லோரும் கேட்டோம். சேலை மடிப்புப் பிரிவில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். எடுக்கவில்லை என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

ஈமெயில் அனுப்பச் சொன்னாள். நான்தான் தட்டினேன். கைப்பிடி, கெட்டில், பாதம் மூன்றையும் படம் எடுத்து அனுப்பினோம். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. படங்களை எங்கள் நிபுணர்கள் ஆராய்ந்தார்கள், பொருளில் குறை இல்லை, தவறான முறையில் பிடித்ததால் ஏற்பட்ட சேதம், இருந்தாலும் உங்கள் மனநிறைவுக்காக அடுத்த முறை எங்கள் பொருளை வாங்கும்போது தள்ளுபடி தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். நான் படித்துச் சொன்னேன். அண்ணன் மேஜை டிராயரிலிருந்து அந்தக் கைப்பிடியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“கைப்பிடிய வேற எப்படி அம்மிணி பிடிக்கறது?”

அந்தக் கேள்விக்கு இன்றுவரை அந்தக் கம்பெனியிடம் பதில் இல்லை.

கேஸ் போடுவதா வேண்டாமா என்று கடையில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆறிப்போகிற காயத்துக்கு எதற்கு அலைச்சல் என்றார்கள் சிலர். விட்டால் அவர்களுக்குக் குளிர்விட்டுப் போகும் என்றார்கள் சிலர். அண்ணனுக்கோ ஒரு நாள் வேண்டும், ஒரு நாள் வேண்டாம். காலையில் விட்டுத் தொலைக்கலாம் என்பார். ‘தவறான முறையில்’ என்ற வார்த்தை ஞாபகம் வந்ததும் மதியம் மறுபடி கொதிப்பார். நடுவில் அவருக்கு இன்னொரு கவலை, காயம் ரொம்ப வேகமாக ஆறிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் பாதத்தை ஸ்டூலில் வைத்து என்னைப் படம் எடுக்கச் சொல்வார். அன்றைய படத்தையும் முந்தின நாள் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, குணமாவதற்காகத் தன் காலையே திட்டுவார்.

சேலத்தில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார். போன வேகத்தில் திரும்பிவந்தார். நடக்கவே முடியவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்று எழுதினால் தொகை கூடக் கிடைக்கும் என்று வக்கீல் சொன்னாராம். “பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போன மனுசனப் பாத்து, நடக்க முடியலீன்னு கையெழுத்துப் போடச் சொல்றான். அவிங்க என்னையப் பொய் சொல்றேங்கறாங்க. இவன் பொய் சொல்லுங்கறான். நடந்தத நடந்தபடி சொல்றதுக்கு ஒரு எடமுமில்லையா?” என்று மாடிப்படி அதிரக் கேட்டார்.

இதற்கிடையில் முதலாளி அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். முதலாளி கெட்டவர் இல்லை. புதுக் கெட்டில் தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். அண்ணன் அசையவில்லை என்றதும்தான் மனதில் இருந்தது வெளியே வந்தது.

“ரிட்டன் வாங்காத ஆளுன்னு உன்னைய அந்த மேசைல உக்காத்தி வெச்சிருக்கறேன். நீயே கோர்ட்டுக்குப் போனீன்னா, நாளைக்கு நம்ம கஸ்டமரு நம்மளக் கொண்டுபோயி நிறுத்துவான். கேஸ் வேணும்னா போடு. போட்டுட்டு இந்த மேசைக்கு வராத.”

இருபது வருட வேலை. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு வந்த ஐந்தாறு புகார்களையும் வழக்கத்தைவிடக் கேவலமாகத் திட்டினார். ஒரு பெண் அழுததுகூட எனக்குக் கேட்டது.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அதுவரைக்கும் அவர் பக்கம்தான் நின்றேன், அவருக்காகத்தான் நாள் முழுக்க ஈமெயில் தட்டினேன். ஆனால் அந்தப் பெண் அழுததும் எனக்கு ஆறு மாதம் முன்னால் நடந்த ஒன்று நினைவு வந்தது. ஆத்தூர்ப் பக்கம் ரவிக்கை தைக்கும் ஒரு பெண் எங்களிடம் சேலை வாங்கியிருந்தார். சேலையை மடித்து நிறுத்த நாங்கள் குண்டூசி குத்துவோம். பெட்டியில் வைக்கும்போது எடுத்துவிட வேண்டும். அந்தச் சேலையில் ஒன்றை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். பிரிக்கும்போது அது அவருடைய ஆள்காட்டி விரலில் நகத்துக்கடியில் ஏறிவிட்டது. சீழ் வைத்துக் கீறிவிட வேண்டியதாயிற்று. ஊசி பிடிக்கிற விரல். கல்யாண சீசனில் இரண்டு வாரம் தைக்க முடியவில்லை என்று எழுதி, விரலின் படத்தையும் அனுப்பியிருந்தார்.

நான் அண்ணனுடைய மேஜைக்குப் போய், “அந்த ஆத்தூர் அக்காளுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா அண்ணா?” என்று கேட்டேன்.

எந்த ஆத்தூர் என்றார். ஞாபகம் இல்லை என்றார். நான் கடைப் போனை எடுத்துத் தேடினேன். எல்லாம் அப்படியே இருந்தது. விரல் படம், அவர் எழுதிய நாலு வரி, அதற்குக் கீழே அண்ணன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். அழுத்தினேன்.

அண்ணனுடைய குரல் கடை முழுக்கக் கேட்டது. “பிரிக்கறப்ப வீடியோ எடுத்தீங்களா? எடுக்கலீல்ல? ஊசி எங்களுதுன்னு எப்படிச் சொல்றீங்க? ஊசியிலயே பொழைக்கறவங்க நீங்க. உங்கூட்டு ஊசிய உங்க கைல ஏத்தீட்டு எங்ககிட்ட காசு கேக்கறீங்களா?”

அதற்குக் கீழே அந்தப் பெண்ணிடமிருந்து பதிலே இல்லை.

அண்ணன் அதை மறுபடி போடச் சொன்னார். போட்டேன். மூன்றாம் தடவை அவரே போட்டுக் கேட்டார். பிறகு எழுந்து, ஒற்றைச் செருப்போடு வெளியே நடந்து போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கோபத்தில் என்னைத்தான் திட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது.

“அம்மிணி, அந்த ஆத்தூர் அட்ரஸ் எடுத்துக்க. நீயும் வா. எனக்குப் பொம்பளைங்ககிட்ட மரியாதையாப் பேசிப் பழக்கமில்ல.”

சேலம் போய் அங்கிருந்து ஆத்தூர் பஸ் பிடித்தோம். வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து உர்ரென்று வந்தார். கண்டக்டரிடம் சண்டை, பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வெள்ளரிக்காயில் உப்புக் குறைவென்று ஒரு சண்டை. பயம் வந்தாலும் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஒரு சின்ன வீட்டின் முன்னறையில் தையல் மெஷின். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். நாங்கள் யார் என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறியது. மெஷினை நிறுத்தினார், உட்காரச் சொல்லவில்லை. அண்ணன் வாசற்படியிலேயே நின்று, யாரையோ திட்டுகிற தொனியில் சொன்னார்.

“ஊசி எங்களுதுதானுங்க. நீங்க பொய் சொல்லலீங்க. நாந்தான் பொய் சொன்னேன். அன்னைக்கே எனக்குத் தெரியும். எங்க கடையில அந்த மாதிரி பல தடவ விட்டிருக்கறாங்க.”

அந்தப் பெண் அண்ணனுடைய காலைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். அண்ணன் சொன்னார். கெட்டில், கைப்பிடி, புல்லாங்குழல், வீடியோ, தவறான முறை, தள்ளுபடி, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். வீடியோ என்ற இடத்தில் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாகவே சிரித்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

“நீங்க ஏங்க அப்ப விட்டுட்டீங்க? எங்க மேல கேஸ் போட்டிருக்கலாமே?” என்று அண்ணன் கேட்டார்.

அந்தப் பெண் தன் விரலைத் தடவிக்கொண்டே சொன்னார். “யாருகிட்ட போறதுன்னு தெரியல சார். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்க அவ்ளோ அடிச்சுப் பேசுனதைக் கேட்டு, ஒருவேளை நம்ம ஊசியாத்தான் இருக்குமோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ரெண்டு நாளு வீடு பூரா ஊசியை எண்ணிக்கிட்டு இருந்தேன்.”

அண்ணன் கொண்டுபோயிருந்த புதுச் சேலையை எடுத்து மெஷின்மேல் வைத்தார். ஊசி இருக்கிறதா என்று வழியில் பஸ்ஸிலேயே மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்திருந்தார். வேண்டாம் என்று அந்தப் பெண் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். இரண்டு பேருக்கும் இழுபறி நடந்து, கடைசியில் நான் வாங்கி அலமாரியில் வைத்தேன். புறப்படும்போது அவர் வாசல்வரை வந்தார். “அந்தக் கெட்டில்காரனை மட்டும் விட்டுடாதீங்க சார்” என்றார்.

பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். வாழப்பாடி தாண்டியதும் அண்ணன் என் பக்கம் திரும்பினார். “என்னையும் அப்படித்தான் ஆக்கிப்போட்டானுங்க அம்மிணி. நாந்தான் கைப்பிடிய முறுக்கீட்டனோன்னு ராத்திரியெல்லாம் ரோசன பண்ணீட்டு இருந்தேன். கேஸ் போடறேன். வேல போனாப் போகுது.”

நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் வைக்காமல் நாமே மனுக் கொடுக்கலாம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். முதல் வரைவில் இருந்த வசவுகளை எடுத்துவிட்டுப் பார்த்தால் பாதிப் பக்கம்தான் மிஞ்சியது. காயம் எத்தனை நாளில் ஆறியது என்ற இடத்தில், இருபது நாள் என்று டாக்டர் சொன்னார், பத்தொன்பதாம் நாளே ஆறிவிட்டது என்று போடச் சொன்னார். எதிராளிக்கு வசதியாகிவிடும் என்றேன். ஆகட்டும், நடந்தது அதுதான் என்றார்.

முதலாளி சொன்னபடியே செய்தார். அண்ணனுடைய மேஜையில் தன் மருமகனை உட்காரவைத்தார். மருமகன் நல்ல பையன், யாரையும் நோகடிக்கத் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் சரி என்றான். நாலே நாளில் மாடிப்படிக்கு அடியில் ஆள் நுழைய முடியாத அளவுக்குச் சேலை குவிந்தது. அதில் மூன்று எங்கள் கடைச் சேலையே இல்லை. ஒன்று போர்வை. ஐந்தாம் நாள் முதலாளி தானே அண்ணனுடைய வீட்டுக்குப் போனார்.

திரும்பி வர அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். மடிப்பில் இனிமேல் குண்டூசி கிடையாது, காகிதப் பட்டைதான். முதலாளி ஒத்துக்கொண்டார். அண்ணன் நேராக மடிப்புப் பிரிவுக்குப் போய் இருந்த ஊசியையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கொட்டிக்கொண்டு, அதுவரைக்கும் இரண்டு தலைமுறையாக ஊசி குத்திக்கொண்டிருந்தவர்களை அரை மணி நேரம் திட்டித் தீர்த்தார்.

கேஸ் சுலபமாக முடியவில்லை. கம்பெனி வக்கீல் வாய்தா மேல் வாய்தா வாங்கினார். ஒரு தடவை உடம்பு சரியில்லை, ஒரு தடவை காகிதம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அண்ணன் கெட்டிலையும் கைப்பிடியையும் ஒரு சேலை டப்பாவில் வைத்து, நூல் போட்டுக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய் வந்தார். எங்கே போனாலும் அவரிடம் நல்ல சேலை எடுத்தீர்களா என்று யாராவது கேட்பார்கள். அவரும் பிரித்துக் காட்டுவார்.

கடைசியில் அந்த வக்கீல் வாதாட வந்தார். மனுதாரர் முன்கோபி, கோபத்தில் வேகமாக இழுத்திருக்கலாம் என்றார். அதில் முன்பாதி உண்மை என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியும். அண்ணன் எழுந்தார். இப்போது கத்தப்போகிறார், எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“கோவக்காரந்தானுங்க. இல்லீங்கல. ஆனா கைப்பிடிக்கு ரெண்டு ஓட்டை இருக்குதுங்க, ஸ்க்ரூ ஒன்னுதான் இருக்குதுங்க. இன்னொரு ஓட்டைல ஸ்க்ரூ போட்ட தடமே இல்லீங்க. அது என்னோட கோவத்துல காணாமப் போயிருக்காதுங்க.”

டப்பாவைப் பிரித்து மேஜையில் வைத்தார். ஆணைய உறுப்பினர்கள் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வக்கீல் தன் காகிதங்களை எடுத்துக் கட்டிவைத்தார்.

உத்தரவு வந்த அன்று நான்தான் படித்துக் காட்டினேன். கெட்டில் விலை, வைத்தியச் செலவு, ஒரு சிறிய இழப்பீடு. தொகையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ‘பொருளில் உற்பத்திக் குறைபாடு இருந்தது நிரூபணமாகிறது’ என்ற வரியை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். “கால் பத்தொம்போது நாள்ல ஆறீருச்சு. இந்த ஒரு வரியச் சொல்றதுக்கு ஒன்றர வருசம்” என்று பல்லைக் கடித்தார். அன்றைக்குச் சாயங்காலம் ஆத்தூருக்குப் போன் செய்து அந்த வரியை அவரே எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினார்.

அண்ணன் திருந்திச் சாதுவாகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அதே மேஜை, அதே சத்தம்தான். ரசவாடை அடிக்கும் சேலையோடு வருகிறவர்களுக்கு இன்றைக்கும் அர்ச்சனை உண்டு. ஆனால் வீடியோ இருக்கிறதா என்று அவர் கேட்பதில்லை. புகாரை முழுக்கக் கேட்கிறார். தப்பு கடையுடையது என்றால் போனை வைத்துவிட்டு, மாடியேறிப் போய்க் கடை ஆட்களைத் திட்டுகிறார். லைவில் விளக்கைக் கூட்டி வைத்துச் சாயத்தை வேறு மாதிரிக் காட்டியதற்காக என்னையே ஒரு தடவை அழவைத்திருக்கிறார்.

எனக்குக் கல்யாணமாகிச் சேந்தமங்கலம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இங்கே மிக்ஸி புகைந்தாலும், இஸ்திரிப் பெட்டி ஷாக் அடித்தாலும், செருப்பின் ஆணி குத்தினாலும் நான் முதலில் போன் போடுவது கம்பெனிக்கு அல்ல, இளம்பிள்ளைக்குத்தான். அவர் எனக்காகக் கால் மணி நேரம் கோபப்படுவார். அதைக் கேட்பதற்காகவே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக்கூட ஒரு தடவை கழன்று விழுந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். செய்த கம்பெனியை, விற்ற கடையை, மாட்டிய எலக்ட்ரீஷியனை, எல்லோரையும் பின்னால்தான் திட்டினார். முதலில் சின்னக் குரலில் கேட்டார்:

“உனக்கு ஒன்னும் அடி படலையே, அம்மிணி?”